ஐம்பதை நெருங்கும் வயதில் ‘போதும்’ என்பதற்கு அளவு குறிப்பது எப்படி? நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எனக்கு 46 வயது நடந்தபோது, அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை அட்டையில் இருந்த காலாவதித் தேதியைப் படிக்க அதைக் கை எட்டும் தூரம் வரை தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. வெள்ளெழுத்து வந்துவிட்டது என்று கண்ணாடிக் கடைக்காரர் சொன்னார். அந்த மாதத்திலேயே மகளின் கல்லூரிக் கட்டணமும், வீட்டுக் கடன் தவணையும், மூன்று கல்யாணப் பத்திரிகைகளும் ஒன்றாக வந்து நின்றன. மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு அப்போது பிடித்தம் போகக் கைக்கு வந்தது 38,000 ரூபாய். ஊரார் வரவு செலவையெல்லாம் காசு பிசகாமல் எழுதித் தருகிறவனுக்குத் தன் வீட்டுக் கணக்கு எங்கே போய் முட்டுகிறது என்று தெரியவில்லை என்பது, அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

இப்போது எனக்கு 52 வயது ஆகிறது. சம்பளம் பெரிதாக உயர்ந்துவிடவில்லை என்றாலும், மாதக் கடைசியில் நெஞ்சில் இருந்த அந்தப் பாரம் இல்லை. இடையில் நானும் மனைவியும் செய்தவற்றைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். மனநிறைவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதை ஒரு மனநிலையாகவே சொல்கிறார்கள். என் அனுபவத்தில் ‘போதும்’ என்ற எண்ணம் ஒரு தொகையாகத் தாளில் எழுதப்படாத வரை, அடுத்த கல்யாண வீட்டின் வாசலைத் தாண்டி நிற்பதில்லை. நடுத்தர வருமானக் குடும்பத்தை இந்த வயதில் அசைப்பது நம்முடைய ஆசைகள் அல்ல, பிறர் கண்ணுக்காக நாம் செய்கிற செலவுகள் என்பதும் அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

தொடங்குவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை: 80 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று, கடைசி மூன்று மாதப் பதிவு ஏற்றிய வங்கிக் கணக்குப் புத்தகம், வீட்டில் இருக்கும் மொய் நோட்டுகள் அனைத்தும், நகை அடகுச் சீட்டுகள், வீட்டுக் கடன் கணக்கு விவரம். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உட்காரவேண்டும். ஒருவர் மட்டும் எழுதி மற்றவரிடம் காட்டினால் அது கணக்கு கேட்பது போல ஆகிவிடும்.

முதல் படி: மூன்று மாதச் செலவை ‘யாருக்காக’ என்று பிரியுங்கள்

மளிகை, பால், மின்சாரம் என்று தலைப்பு வாரியாகப் பிரிப்பது எல்லோரும் செய்வதுதான். அதிலிருந்து நமக்குப் புதிதாக ஒன்றும் தெரியவராது. நாங்கள் ஒவ்வொரு செலவுக்கும் எதிரே மூன்றில் ஒரு குறி இட்டோம். சாப்பாடு, மருந்து, பயணம் போன்றவை உடம்புக்கு. தவணை, கட்டணம், பழுது பார்த்தல் போன்றவை வீட்டுக்கு. மூன்றாவது குறி, பிறர் பார்க்கிறார்கள் என்பதற்காகச் செய்தவற்றுக்கு.

இந்த மூன்றாவது குறியில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. மச்சினர் வீட்டுக் காதுகுத்துக்கு எடுத்த பட்டுப்புடவையை நான் மூன்றாவதில் எழுதப் போனேன். “அது முறைங்க, கண்ணுக்காக இல்லை” என்று மனைவி தடுத்தாள். பிறகு அவளே, நான் அலுவலகத்தில் உடன் வேலை செய்கிறவர்கள் வாங்கினார்கள் என்பதற்காக மாற்றிய கைப்பேசியைக் காட்டி, இதற்கு என்ன குறி என்று கேட்டாள். அதன் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டோம். செலவு செய்தவர்தான் தன் செலவுக்குக் குறி இடவேண்டும். அடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. இந்த விதி இல்லாமல் இந்தப் படியைத் தாண்டுவது கடினம் என்றே நினைக்கிறேன். நோட்டில் உண்மை வருவதற்குத் தீர்ப்புச் சொல்லாத ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும்.

மூன்று மாதங்களுக்கும் சேர்த்து 1,14,000 ரூபாய் வரவில் 27,400 ரூபாய் மூன்றாவது குறியில் நின்றது. மகளின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு மண்டபம், ஃபிளெக்ஸ் பேனர், வீடியோ என்று செய்த செலவுக்காக வாங்கிய கடனின் வட்டி, ஆறு ஆண்டுகள் கழித்தும் அதில் ஒரு வரியாக இருந்தது. அந்த வீடியோவை நாங்கள் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறோம்.

இரண்டாம் படி: மொய் நோட்டைக் கடன் பத்திரமாகப் படியுங்கள்

குடும்ப நிதி பற்றிய ஆலோசனைகளில் மொய்யைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆனால் தமிழ்நாட்டில், குறிப்பாகத் தென் மாவட்டங்களில், ஒரு குடும்பத்தின் கணக்கில் வராத பெரிய கடன் அதுதான். மொய் அன்பளிப்பு அல்ல; பெயர், ஊர், தொகை மூன்றையும் எழுதி வாங்கி, அந்த வீட்டு விசேஷத்தில் அதைவிடக் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்யவேண்டிய கைமாற்று. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்தில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து என்றே தனியாக நடத்தி, வந்த தொகையைத் தொழிலுக்கும் நிலத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். வங்கி எட்டாத காலத்தில் வட்டியில்லாமல் ஒரு குடும்பத்தை ஊரே தூக்கிவிட்ட ஏற்பாடு இது. இதை நான் குறைவாகப் பேசமாட்டேன். வந்த பணத்தை வருமானம் என்று நினைத்துச் செலவழித்துவிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

எங்கள் வீட்டில் இரண்டு மொய் நோட்டுகள் இருந்தன. ஒன்று எங்கள் கல்யாணத்தில் எழுதியது. ஓரங்கள் பழுத்து, மஞ்சள் தடவிய முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழிக்குக் கீழே தாய்மாமன் பெயர் முதல் வரியாக இருக்கும். இன்னொன்று மகளின் விழாவில் எழுதியது. புதிய நோட்டில் இரண்டு பத்திகள் போட்டோம்: ‘வந்தது’, ‘செய்தது’. ஒவ்வொரு பெயரையும் மனைவி படிக்க நான் எழுதினேன். இந்த வேலை மூன்று மாலைகள் பிடித்தது. கணக்கோடு கூடவே வேறொன்றும் நடந்தது. 101 ரூபாய் எழுதியிருந்த ஒரு பெரியம்மா, அந்தக் காலத்தில் அந்தப் பணத்துக்கு எத்தனை நாள் களையெடுத்திருப்பார் என்று மனைவி சொன்னபோது, நாங்கள் இருவருமே கொஞ்ச நேரம் எழுதவில்லை.

எழுதி முடித்தபின் பெயர்கள் மூன்று வகையாகப் பிரிந்தன. திருப்பிச் செய்து முடித்தவர்கள் முதல் வகை. அவர்கள் வீட்டு அடுத்த விசேஷத்துக்கு எங்களால் இயன்ற ஒரு நிலையான தொகையை மட்டும் வைப்பதென்று முடிவு செய்தோம். இன்னும் திருப்பிச் செய்யவேண்டியவர்கள் இரண்டாம் வகை. அந்தப் பாக்கி 64,500 ரூபாய் இருந்தது. அதை ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்து, அஞ்சலகத்தில் 60 மாதத் தொடர் வைப்புக் கணக்கு ஒன்று தொடங்கி, மாதம் 1,080 ரூபாய் கட்டத் தொடங்கினோம். இடையில் பத்திரிகை வந்தால் கைச்செலவிலிருந்து வைத்துவிட்டு, கணக்கு முதிரும்போது சரிசெய்துகொள்ளலாம். முன்பெல்லாம் பத்திரிகை வைக்க யாராவது வாசலில் வந்து நின்றால் என் முகம் எப்படி மாறும் என்று எனக்கே தெரியும். கணக்குத் தொடங்கிய பிறகு, வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, மாப்பிள்ளை எந்த ஊர் என்று மனதாரக் கேட்க முடிகிறது. மூன்றாம் வகை, நாம் செய்து இன்னும் நமக்குத் திரும்பி வராதது. அதை வரவாக எண்ணவே கூடாது, வந்தால் வரட்டும்.

மொய்யைத் தவிர்த்து ஒதுங்கிவிடலாமே என்று சிலர் கேட்கலாம். நம் ஊரில் நள்ளிரவில் ஆம்புலன்ஸுக்கு முன்னால் வந்து நிற்பவர்கள் அந்த நோட்டில் பெயர் உள்ளவர்கள்தான். உறவை வைத்துக்கொள்ளுங்கள், தொகையைக் கூட்டிக்கொண்டே போகும் போட்டியை மட்டும் உங்கள் வீட்டளவில் நிறுத்துங்கள்.

மூன்றாம் படி: கடனை அடைக்கும் வரிசை

வட்டி எது அதிகமோ அதுவே முதலில். கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் மூன்று, மூன்றரை சதவீதம் என்றால் கேட்பதற்குச் சிறிதாக இருக்கும். ஆண்டுக்கு அது 36 முதல் 42 சதவீதம். அது இருந்தால் வேறு எந்தச் சேமிப்பையும் நிறுத்திவிட்டு முதலில் அதை முடியுங்கள்.

அடுத்தது நகை. நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது, ஆண்டு முடிந்ததும் வட்டியை மட்டும் கட்டி அதே நகையைத் திருப்பி வைப்பது. ஒரு லட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால், ஐந்து ஆண்டுகள் திருப்பி வைத்ததில் 60,000 ரூபாய் வட்டி போயிருக்கும், சங்கிலி பெட்டகத்திலேயே இருக்கும். இரண்டு நகைகள் அடகில் இருந்தால், ஒன்றை விற்று இன்னொன்றை மீட்பதைப் பற்றி யோசியுங்கள். நகையை விற்பது குடும்பக் கௌரவத்துக்கு இழுக்கு என்ற எண்ணம் எங்களுக்கும் இருந்தது. ஆனால் அது மனைவியின் நகை. விற்பதா வேண்டாமா என்பதை அவள் மட்டுமே முடிவு செய்யவேண்டும் என்று இருந்தேன். ஏழு மாதங்கள் கழித்து அவளே சொன்னாள்.

வீட்டுக் கடனுக்கு ஒரு கணக்கு. 10 லட்சம் ரூபாய்க்கு 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுகள் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 9,000. மொத்த வட்டி சுமார் 11.6 லட்சம். அதையே 15 ஆண்டுகளில் முடிப்பதென்றால் தவணை ஏறத்தாழ 10,150. வட்டி சுமார் 8.26 லட்சம். மாதம் 1,150 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் மூன்று லட்சத்துக்கு மேல் மிச்சமாகிறது. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வசூலிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2012இல் வைத்த விதி. மொய்ப் போட்டியை நிறுத்தியதில் மிஞ்சும் தொகையை நாங்கள் இங்கேதான் திருப்பிவிட்டோம்.

நான்காம் படி: 58 வயதில் கைக்கு வருவதை இன்றே எழுதுங்கள்

தனியார் வேலையில் இருப்பவர்களில் பலர், வருங்கால வைப்பு நிதியிலிருந்து வரும் ஓய்வூதியத்தை நம்பியிருக்கிறார்கள். அதன் சூத்திரம் எளிது: ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்கவேண்டும். 2014 செப்டம்பர் முதல் அந்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000 ரூபாய்; அதற்கு முந்தைய பணிக்காலத்துக்கு 6,500. ஆகவே உச்சவரம்புக்கு உட்பட்ட ஒருவர் 35 ஆண்டுகள் முழுவதும் 15,000 கணக்கில் வேலை செய்தாலும் வருவது மாதம் 7,500 ரூபாய்தான். பத்து ஆண்டுகளாவது பணி இருக்கவேண்டும். 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்தால் இரண்டு ஆண்டுகள் சேர்த்துக் கணக்கிடுவார்கள். அவசரத்துக்கு 58 வயதுக்கு முன்பே வாங்கத் தொடங்கினால், முந்தும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும். என் கணக்கில் சுமார் 5,000 ரூபாய் வந்தது. அந்த எண்ணைப் பார்த்த அன்று வருத்தமாக இருந்தது. ஆனால் தெரியாமல் 58ஐ எட்டியிருந்தால் அந்த வருத்தத்துக்கு மருந்தே இருந்திருக்காது.

எதிர்ப்பக்கத்தில், இன்றைய அடிப்படைச் செலவை எழுதுங்கள்: உடம்புக்கு, வீட்டுக்கு என்ற இரண்டு குறிகளின் கூட்டுத்தொகையிலிருந்து பிள்ளைகளின் கட்டணத்தையும் கடன் தவணையையும் கழித்தால் வருவது. நாங்கள் ‘போதும்’ என்று எழுதிய மாதத் தொகை இதுதான். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டுகளில் செலவு இரட்டிப்பாகும். இன்று 14,000 என்றால் அப்போது 28,000. இடைவெளியை நிரப்ப வைப்பு நிதித் தொகை, பி.பி.எஃப். என்ற பொது வருங்கால வைப்பு நிதி, 60 வயதுக்குப் பிறகு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் ஆகியவை சாதாரணக் குடும்பத்துக்குப் புரியக்கூடிய வழிகள். மூத்த குடிமக்கள் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம், 8.2 சதவீத வட்டியில் 10 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் வரும். எந்த வங்கியிலும் ஒருவருக்கு 5 லட்சம் வரையிலான வைப்புக்குத்தான் காப்புறுதி உண்டு என்பதால், அதற்கு மேற்பட்டதை வேறு வங்கிக்குப் பிரித்துப் போடுங்கள். அதிக வட்டி தருகிறோம் என்று வீடு தேடி வருபவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். எங்கள் தெருவில் அப்படிப் போன பணத்தை நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: நோய்க்கு வேலி

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 20 ரூபாய் ஆண்டுக் கட்டணத்தில் 2 லட்சத்துக்கான மத்திய அரசின் விபத்துக் காப்பீடு (பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா) 70 வயது வரை உண்டு. 436 ரூபாயில் 2 லட்சத்துக்கான ஆயுள் காப்பீட்டில் (பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா யோஜனா) 50 வயதுக்குள் சேர்ந்தால் 55 வரை தொடரலாம். இரண்டும் வங்கிக் கணக்கிலிருந்தே பிடித்துக்கொள்ளப்படும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரவேண்டும். தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யில் குறைந்தது ஐந்து ஆண்டுகள் இருந்து வயது முதிர்ந்து ஓய்வுபெறுபவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைக்கும் மருத்துவ வசதி தொடரும். இது தெரியாமல் விட்டவர்கள் பலர். மற்றவர்கள் தனிக் காப்பீடு எடுப்பதை ஐம்பதுக்குமேல் தள்ளாதீர்கள். சர்க்கரையும் அழுத்தமும் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள். எங்கள் அம்மாவுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் மாத்திரை வீட்டுக்கே வருகிறது.

ஆறாம் படி: பிள்ளைகளிடம் தொகையைச் சொல்லுங்கள்

“அப்பாகிட்ட காசு இல்லம்மா” என்பது பிள்ளைக்குப் பயத்தைத் தரும். “உன் படிப்புக்கு நாங்கள் மொத்தமாக நான்கு லட்சம் ஒதுக்கியிருக்கிறோம், அதற்குமேல் என்றால் கல்விக் கடன்” என்பது தெளிவைத் தரும். மகளிடம் நோட்டையே கொடுத்தோம். அரை மணிநேரம் புரட்டினாள். பிறகு, தன் கல்யாணத்துக்கென்று நாங்கள் எழுதியிருந்த வரியைக் காட்டி, “இதுல மண்டபத்துக்கு இவ்வளவு வேண்டாம்பா, கோயில்ல வச்சுக்கலாம்” என்றாள். அவள் சொன்னதை அன்றே இறுதி முடிவாக எடுத்துக்கொள்ளவில்லை, 19 வயதில் சொன்னது. ஆனால் அந்த வீட்டுக் கணக்கில் தனக்கும் பங்கு உண்டு என்று அவள் உணர்ந்ததை முகத்தில் பார்த்தேன்.

ஏழாம் படி: குறைக்கக் கூடாதவையும், இனி நடக்காதவையும்

சிக்கனத்தைத் தொடங்கிய பலர் ஓராண்டில் கைவிடுவதற்குக் காரணம், எல்லாவற்றிலும் கை வைப்பதுதான். நாக்கும் மனமும் சோர்ந்து போய்விடும். எனவே எதில் குறைக்கமாட்டோம் என்று மூன்றை எழுதிவையுங்கள். எங்கள் பட்டியல்: கண்முன்னே வறுத்து அரைத்துத் தரும் கடையில் வாங்கும் காப்பித்தூள், அம்மாவுக்குத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நூல் புடவை, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு. பெரிய இன்பங்கள் பல காசில்லாமலும் கிடைக்கின்றன. 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில், பகல் முழுவதும் குளிர்ச்சியில் உட்கார்ந்து எந்தப் புத்தகத்தையும் எடுத்துப் படிக்கலாம். மாலையில் நாங்கள் இருவரும் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறோம். தண்ணீர் நிறைந்திருக்கும் நாட்களில் மைய மண்டபத்தின் நிழல் கரைவரை அசையும்.

கடினமானது இதன் மறுபாதி. நடுவயதின் அமைதியின்மை பாதி பணத்தால் வருவதில்லை. இனி நடக்காது என்று உள்ளுக்குள் தெரிந்தும் விட்டுக்கொடுக்காதவற்றால் வருகிறது. ஒரு பக்கத்தை ஒதுக்கி, அவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள். நான் எழுதியவற்றில் ஒன்று, மாடியில் ஓர் அறை கட்டி வாடகைக்கு விடுவது. பத்து ஆண்டுகளாக நெஞ்சில் இருந்த திட்டம். கம்பி விலை, சிமென்ட் விலை எல்லாம் மனப்பாடம். இன்னொன்று, பட்டயக் கணக்காளர் தேர்வு. 27 வயதில் விட்டதை எப்போதாவது முடித்துவிடலாம் என்று, அந்தப் பழைய புத்தகங்களைப் பரணில் கட்டி வைத்திருந்தேன். அதை எழுதும்போது கண் கலங்கியது உண்மை. மனைவி எழுதியது ஒன்றே ஒன்று: தன் பெயரில் ஒரு தையல் கடை. அதைப் படித்த பிறகு, அது நடக்காதவற்றின் பட்டியலில் இருக்கவேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றியது. அடுத்த மாதத் தவணைகளை நகர்த்தி, வீட்டு முன்னறையில் மோட்டார் வைத்த பழைய தையல் இயந்திரம் ஒன்றைப் போட்டோம். இந்தப் பக்கத்தை ஆசைகளைப் புதைப்பதற்காக மட்டும் எழுதுவதில்லை என்று இதனால்தான் சொல்கிறேன். எழுதிப் பார்த்தால்தான் எது செத்தது, எது மூச்சோடு இருக்கிறது என்று தெரியும்.

என் பரண் புத்தகங்களைப் பக்கத்துத் தெருவில் வணிகவியல் படிக்கும் ஒரு பையனிடம் கொடுத்துவிட்டேன். பாடத்திட்டம் மாறியிருந்தாலும், அடிப்படைக்கு உதவுகிறது என்றான். சந்தேகம் கேட்க வாரம் ஒருமுறை வருகிறான்.

எட்டாம் படி: ஆண்டுக்கு ஒருமுறை நோட்டைத் திறப்பது

மாதந்தோறும் கணக்குப் பார்த்து வீட்டை அலுவலகம் ஆக்கவேண்டாம். தவணைகளும் வைப்புகளும் தேதிக்குப் போய்க்கொண்டிருந்தால் போதும். ஆண்டுக்கு ஒரு நாளை ஒதுக்குங்கள். நாங்கள் காணும் பொங்கல் மறுநாள் உட்காருகிறோம். அன்று செய்யவேண்டியவை: ‘பிறர் கண்ணுக்கு’ என்ற குறியின் கூட்டுத்தொகையை முந்தைய ஆண்டோடு ஒப்பிடுவது, மொய் நோட்டில் திருப்பிச் செய்த பெயர்களைக் கோடிடுவது, எல்லாக் கணக்குகளிலும் நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, ‘போதும்’ என்று எழுதிய மாதத் தொகையை விலைவாசிக்கேற்பத் திருத்துவது.

இந்தத் தையில் நாங்கள் திறந்தபோது மொய்ப் பாக்கியில் நான்கு பெயர்கள் மீதம் இருந்தன. 101 ரூபாய் எழுதிய பெரியம்மா இப்போது இல்லை. அவருடைய பேத்திக்கு வைகாசியில் கல்யாணம். அந்தப் பெயருக்கு எதிரே எவ்வளவு என்று நான் கேட்டேன். மனைவி நோட்டை வாங்கி, தையல் கூலியில் சேர்த்து வைத்திருந்ததிலிருந்து 2,001 என்று அவளே எழுதினாள். பக்கத்தில் ‘உடம்புக்கு’, ‘வீட்டுக்கு’, ‘கண்ணுக்கு’ என்ற மூன்றில் எந்தக் குறியையும் இடவில்லை.